இரண்டாம் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு

கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் சண்டை வரும். அது ஊரறிந்த விஷயம். பேரை விடாமல் போட்டு, மரியாதையாக முதல் ஆளாகவும் போட்டு, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அப்போது மதுரையில் ஒரு சின்ன கம்பெனியில் வெப்சைட் செய்யும் வேலையில் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை. (வேலை அரைகுறை, திமிர் முழுசு.) தம்பி கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது, பெண்ணுக்கு அழகர்கோவில் பக்கம். "பத்திரிகையை எவன்டா படிக்கிறான், நான் வெப்சைட்டே போட்டுத் தாரேன்" என்று நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். வீட்டில் ஒருத்தராவது தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

ஒரே திரையில் இரண்டு பட்டியல் வைத்தேன். மேலே மாப்பிள்ளை வீட்டார், கீழே பெண் வீட்டார். படமும் பேருமாகப் பத்துப் பத்துப் பேர். மிச்சப் பேரைப் பார்க்க ஒவ்வொன்றின் அடியிலும் 'முந்தைய', 'அடுத்து' என்று பொத்தான்கள். நாங்கள் சின்னக் குடும்பம், ஒரு பக்கத்திலேயே முடிந்துபோனோம். பெண் வீட்டில் ஆள் அம்புட்டுப் பேர், மூன்று பக்கம் ஓடியது. எங்கள் பட்டியலில் முதல் படம் டி. கல்லுப்பட்டி செல்லையா மாமா, அம்மாவின் அண்ணன். தாய்மாமன் மாலை போட்டுக் கூட்டிவந்தால்தான் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை மேடை ஏறுவான். அதனால் அவர் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்றில் கோட்டை விட்டேன். இரண்டு பட்டியலுக்கும் பக்க எண் ஒன்றுதான். பெண் வீட்டாருக்கு 'அடுத்து' அமுக்கினால் மாப்பிள்ளை வீட்டாரும் கூடவே இரண்டாம் பக்கத்துக்குப் போவார்கள். அங்கே காட்ட எங்களிடம் ஆள் ஏது? பட்டியல் காலியானால் வரட்டும் என்று நானே எழுதிவைத்த வாசகம் வந்து நின்றது: 'யாரும் இல்லை'.

இது என் கண்ணில் படவில்லை. பெண்ணின் பெரியப்பா சோலைமலை கண்ணில் தன் படம் பட்டது. அவர் இரண்டாம் பக்கத்தில் முதல் ஆள். பூரித்துப்போய் அந்தப் பக்கத்தின் லிங்க்கை அப்படியே எடுத்து இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டார். திறந்தவர்கள் எல்லாரும் நேராக இரண்டாம் பக்கத்தில் போய் இறங்கினார்கள். 'முந்தைய' என்று கொட்டை எழுத்தில் ஒரு பொத்தான் வைத்திருந்தேனே, அதை ஒருத்தராவது அமுக்கினார்களா? விரல் தேய்ந்தா போய்விடும்?

கல்லுப்பட்டியிலிருந்து போன் வந்தது.

"ஏத்தா, மாப்ள வீட்டுல யாரும் இல்லையாமே?"

"என்ன மாமா சொல்றீங்க?"

"நான் சொல்லல, நீதான் போட்டுருக்க. அவுக ஆளுக வரிசையாச் சிரிச்சுக்கிட்டு இருக்காக. நம்ம வீட்டுக்கு நேரா யாரும் இல்லைன்னு எழுதியிருக்கு. அப்ப நான் யாரு?"

"அது ரெண்டாம் பக்கம் மாமா! மொதப் பக்கத்துல மொத ஆளே நீங்கதான்."

"அதை யாரு பாத்தா? ஊரே இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. யாரும் இல்லாத வீட்டுக்கு நான் எதுக்கு மாலையத் தூக்கிக்கிட்டு வரணும்? நீங்களே போட்டுக்கங்க."

போனை வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு நாலே நாள். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "எங்க அண்ணன் வராம எம்மகன் மேடை ஏற மாட்டான். ஒன்ன யாருடி இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்றார். நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது.

பதற்றத்தில் ஒரு வேலை செய்தேன். பக்க எண்ணையே கண்டுகொள்ளாதே என்று இரண்டு பட்டியலுக்கும் சொல்லிவிட்டேன். 'யாரும் இல்லை' ஒழிந்தது. கூடவே, எத்தனை தடவை 'அடுத்து' அமுக்கினாலும் முதல் பத்துப் பேரே திரும்பத் திரும்ப வந்தார்கள். அரை மணி நேரம் நிம்மதியாக இருந்திருப்பேன். சோலைமலை பெரியப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, காலைல இருந்த என்னை மத்தியானம் காணோமே. உங்க மாமா கோவிச்சுக்கிட்டா எங்க பேரத் தூக்கிருவீகளோ?"

அட ராமா! ஒரே நாளில் இரண்டு வீட்டையும் பகைத்துக்கொள்ள ஒரு திறமை வேண்டாமா?

அப்புறம்தான் புத்தி வந்து உருப்படியாகச் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பக்க எண், பெண் வீட்டுக்கு வேறொரு பக்க எண். தனித்தனிப் பேர் வைத்துப் பிரித்தேன். பத்து நிமிஷ வேலை. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லக்கா?" என்றான் கார்த்தி. மாப்பிள்ளை முகம் வீங்கக் கூடாது என்று விட்டுவைத்தேன்.

பெரியப்பா சமாதானமாகிவிட்டார். மாமா போனையே எடுக்கவில்லை. மறுநாள் தாம்பூலத் தட்டோடு அம்மாவும், லேப்டாப்போடு நானும் கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினோம். மாமா தட்டை வாங்கவில்லை. நான் லேப்டாப்பை அவர் முன்னால் திறந்துவைத்து, "நீங்களே அமுக்கிப் பாருங்க மாமா" என்றேன்.

பெண் வீட்டு 'அடுத்து' பொத்தானை அமுக்கினார். அவர்கள் நகர்ந்தார்கள், மாமா நின்றார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் நின்றார்.

"எம்புட்டுத் தடவ அமுக்குனாலும் நான் போக மாட்டேனா?"

"போக மாட்டீங்க மாமா."

கொஞ்ச நேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவுக அவுக பாட்டுக்குப் போகட்டும். நான் இங்கனயே நிக்கிறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். அம்மா அதற்கும் அழுதார். பொய் சொல்வானேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கல்யாணத்தன்று மாமா மாலை போட்டார், தம்பி மேடை ஏறினான், தாலி கட்டினான். எல்லாம் முடிந்து முதல் பந்திக்கு எங்கள் ஆட்கள் மொத்தமாகக் கிளம்பினார்கள். சாப்பாட்டு ஹால் வாசலில் மாமா கையை நீட்டி மறித்தார்.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்துட்டா ரெண்டாம் பந்தியில மாப்ள வீட்டுல யாரும் இல்லைன்னு போட்டுருவா இவ. பந்திக்கு ஒரு ஆளாச்சும் நில்லுங்க."

ஹாலே சிரித்தது. சோலைமலை பெரியப்பா சிரித்த சிரிப்பில் துண்டே கீழே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து காதுகுத்தோ, வளைகாப்போ, எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் கடைசிப் பந்திக்கென்று எங்கள் ஆள் ஒருத்தரை நிறுத்திவைப்பது வழக்கமாகிவிட்டது. யாரை என்று கேட்கவே வேண்டாம். நான் போய் உட்காரும்போது ஒரு விசேஷத்திலாவது பாயசம் மிச்சம் இருந்ததா என்று கேளுங்கள்.