நூற்றுப் பத்தொன்பது டைல்ஸ்

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. உன் மருமகள் கணக்குத் தேர்வில் தோற்றுவிட்டாள். (தேறியிருந்தால் என் மகள் என்றுதான் எழுதியிருப்பேன், கோபப்படாதே.) மற்றபடி எல்லோரும் சுகம். மாமாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். இருபத்து நான்கு அடி நீளம், பதினெட்டு அடி அகலம் உள்ள அறைக்கு இரண்டடிச் சதுர டைல்ஸ் எத்தனை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். விடை நூற்றெட்டாம். இவள் ஒரே வரியில் நூற்றுப் பத்தொன்பது என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். தப்பு என்மேல்தான். உடைசலுக்குப் பத்துக்கு ஒன்று சேர்க்காமல் எந்த டைல்ஸ் கடைக்காரன் கணக்குச் சொல்வான்? கேட்ட மூச்சுக்குள் பதில் வரவேண்டும், காகிதத்தை எடுத்தால் ஆள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்று அவளைப் பழக்கியதும் நான்தான். விடைத்தாள் முழுக்கப் பதில் மட்டும், வழி ஒன்றுக்கும் கிடையாது. தேறாவிட்டால் அடுத்த வருஷம் தொழில்நுட்பப் பிரிவில் இடமில்லையாம். இயந்திரம் செய்யப்போகிறேன் என்று குதித்துக்கொண்டிருந்தவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

விடுவேனா? கணக்கு, அறிவியல், தொழில்நுட்பத்தில் மாணவருக்கு என்னென்ன வரவேண்டும் என்று பள்ளியில் ‘கற்றல் அளவுகோல்’ என்று ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். சரக்கு ஒப்பந்தம் போல வரிவரியாகப் படித்தேன். பதினேழாவது பக்கத்தின் கடைசி வரியில் மாட்டினார்கள்: “விடையை நடைமுறை வாழ்க்கைக்குப் பொருத்துதல்.” அதைக் கட்டம் கட்டி, அவளையும் கூட்டிக்கொண்டு, பள்ளி ஆய்வகத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன்.

கணக்கு மிஸ், “அந்த வரி அடுத்த பக்கத்துலதான் முடியுது சார், திருப்புங்க” என்றார். திருப்பினால், “பொருத்திய வழியைப் படிப்படியாக விளக்குதல்” என்று இருக்கிறது. மறுபக்கம் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்!

“சரி சார், இந்த ஆய்வகத் தரைக்கு எத்தனை ஆகும்?”

“நூத்தி எழுபத்திரெண்டு.”

“எப்படி?”

“எப்படின்னா? முப்பது வருஷமா இப்படித்தான்.”

“அதுக்கு மார்க் கிடையாதே சார்.”

உன் மருமகள் பொறுக்கமாட்டாமல் சாக்பீஸை எடுத்தாள். “முப்பதுக்கு இருபது அடி, நூத்தம்பது. உடைசலுக்குப் பதினஞ்சு. சுவர் எங்கயும் நேரா இருக்காது, அதுக்கு மூணு.”

“நூத்தி அறுபத்தெட்டுதானே வருது?”

“மீதி நாலு, வாங்கறவங்க முகத்தைப் பாத்து அப்பா சேப்பாரு மிஸ்.”

அக்கா, அந்த அறையில் என் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் வாய்விட்டே, “அண்ணே, என் மூஞ்சிக்கு எத்தனை சேத்தீங்க?” என்று கேட்டார். மிஸ்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பு. “வழி இவ்வளவு தெரிஞ்சுமா எழுதாம விட்டே? புதன்கிழமை மறுதேர்வுக்கு வா” என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: படிப்படியாக விளக்குவதெல்லாம் பள்ளியோடு சரி, கடைக்குள் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. என் கடையில் என் சொல்தான். அவளும் தலையாட்டினாள். மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நன்றாயிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: தபாலில் போட மறந்து பத்து நாளாகிவிட்டது. பெண் தேறிவிட்டாள், வழியெல்லாம் எழுதி. தேறிய கையோடு கடை வாசலில் ஓர் அட்டையும் தொங்கவிட்டிருக்கிறாள். தரைக்கு இவ்வளவு, உடைசலுக்கு இவ்வளவு, கோணல் சுவருக்கு இவ்வளவு, முகத்துக்குப் பூஜ்யம். அடியில் என் கையெழுத்து; அந்த மூன்று பேரும் சாட்சி. அட்டையின் கடைசி வரி இது: மீந்த டைல்ஸ் உடையாமல் ஒரு வருஷத்துக்குள் வந்தால் விற்ற விலைக்கே திரும்ப எடுக்கப்படும், வண்டிக்கூலி கடைக்காரருடையது.