சாடையருக்குக் குளிருது

லண்டனிலை ஆரிட்டையும் ஒண்டும் கேக்காமல் ஊர் முழுக்க வேலை வாங்கின மனுசன் ஒராள்தான். அவர் எங்கடை சாடையர். யூத மனுசன், பெத்தவை வைச்ச பேர் வேறை. எதையும் நேராச் சொல்லாமல் சாடையாச் சொல்லுறதாலை என்ர மனுசி வைச்ச பேர் இது. வால்தம்ஸ்டோவிலை எங்கடை ஆக்களுக்கு இந்தப் பேர்தான் தெரியும்.

என்ர கடைக்கு எதிரிலை ஒரு பழைய யூதக் கோயில். அதைப் பூட்டுற திறப்பு, கூட்டுற தும்புத்தடி, அதிகாரம் எல்லாம் சாடையர்தான். நான் கடை எடுத்த முதல் விண்டர், ஒரு சனிக்கிழமை காலமை கறுத்தத் தொப்பியோடை வந்து நிண்டார். "எங்கடை கோயிலுக்குள்ளை சரியான குளிர்" எண்டார். பாவம் எண்டு ஒரு பிளேன் ரீ ஊத்தி நீட்டினன். தொடேல்லை. "உள்ளுக்கை ஹீற்றர் எண்டொரு சாமான் இருக்கு" எண்டார். ஆள் பழைய ஹீற்றரை என்ர தலையிலை கட்டப் பாக்குது எண்டு நினைச்சு, எங்களிட்டை இருக்கு ஐயா எண்டு சொல்லி அனுப்பிவிட்டன்.

பிறகு அவற்றை கூட்டாளி ஒருத்தர்தான் வந்து விளங்கப்படுத்தினார். வெள்ளி பொழுதுபட்டதிலை இருந்து சனி பொழுதுபடுமட்டும் அவையளுக்கு ஓய்வு நாள். சுவிச்சைத் தொடக்கூடாது. வேறை ஆளைப் பிடிச்சு "போடு" எண்டும் சொல்லக்கூடாது. சரியான குளிரெண்டால் கேக்கலாம் எண்டு அவையின்ரை குருவே சொல்லிப்போட்டாராம். சாடையர் விடேல்லை. குருவுக்கு இன்னும் வயசு காணாது எண்டிட்டார்.

அண்டையிலை இருந்து சனிக்கிழமை ஹீற்றர் போடுறது நான். அவர் கடை வாசலிலை நிண்டு வானத்தைப் பாத்துக் குளிரைப் பற்றிச் சொல்லுவார், நான் ரோட்டைத் தாண்டுவன். ஞாயிற்றுக்கிழமை கவுண்டரிலை ஒரு தேன் கேக் இருக்கும். ஏன் ஐயா இது எண்டு கேட்டால், வீட்டிலை கூடிப்போச்சு எண்டுவார்.

பழக்கதோஷம், கிழமை நாளிலையும் மனுசனுக்கு நேராக் கேக்க வராது. பால் வேணுமெண்டால், இண்டைக்குத் தன்ர தேத்தண்ணி கறுப்பு எண்டு கவலைப்படுவார். நான் சிரிச்சால் மனுசி விடாள். எங்கடை சனம் மட்டும் என்னவாம், சரியாச் சாப்பாட்டு நேரம் பாத்து வந்து, சும்மா இதாலை போனனான் எண்டு சொல்லுறேல்லையோ எண்டு கேப்பாள்.

அந்தக் கோயிலின்ரை சரித்திரம் முழுக்க ஹீற்றர் சூடேறுற நேரத்திலை நான் கேட்டதுதான். ரஷ்யாப் பக்கத்திலை இருந்து உயிர் தப்பிக் கப்பலேறி வந்த தையல்காரரும் தச்சரும் சேர்ந்து கட்டினவையாம். தப்பி வந்து முதல் வேலையாக் கோயில் கட்டுறது எங்களுக்கு விளங்காத காரியமோ? சனம் இருக்கிற வாங்குப் பலகையளுக்குச் சீவுளி போட்டது சாடையற்றை பாட்டன். ஒரு காலத்திலை வாசல்மட்டும் சனமாம். மேல்மாடியிலை பொம்பிளையள் கதைக்கிற கதையிலை கடவுளுக்கே செபம் கேக்காதாம். பிறகு பிள்ளையள் படிச்சு, தூரத் தூர வீடு வாங்கிப் போட்டினம்.

வாங்குகளிலை அவையவையின்ரை பேர் பித்தளைத் தகட்டிலை இருக்கும். செத்த ஆக்களின்ரை இடத்திலை ஆரையும் இருக்க விடார். ஒருக்கா ஒரு வெளியூர்க்காரன் தெரியாமல் இருந்திட்டான். சாடையர் பக்கத்திலை போய் நிண்டு, இந்த ஆள் வாற நேரம் எண்டார். அந்த ஆள் செத்து எத்தினையோ வருசம். இன்னொரு வெறும் வாங்கைக் கண்டால் மட்டும் முறைப்பார். அந்த வாங்குக்காரன் செபத்துக்கு நடுவிலை கதைக்கிறவனாம்.

பத்து ஆம்பிளையள் சேராட்டி அவையளுக்குப் பெரிய செபம் இல்லை. ஆக்கள் குறைஞ்சுபோக, கோயிலைப் பூட்டுறதெண்டு கமிட்டி முடிவெடுத்திட்டுது. கடைசிச் சனிக்கிழமைக்கு எல்லாரும் வருவினம் எண்டு சாடையர் தகடெல்லாம் மினுக்கி வைச்சார். அண்டைக்கெண்டு பாத்துக் கொட்டினதே பனி! ஓய்வு நாளிலை காரும் எடுக்கேலாது. வயசுபோனதுகள் பனிக்குள்ளாலை என்னெண்டு நடக்கிறது?

கடைக்கு வந்தார். "உள்ளை ஒருத்தரும் இல்லை" எண்டார்.

நான் ஓடிப்போய் ஹீற்றரைப் போட்டன். லைற்றெல்லாம் போட்டன். திரும்பி வந்தால் மனுசன் அதே இடத்திலை நிக்குது. இனி எந்தச் சுவிச்சு எண்டு நான் முழிக்க, மனுசி என்ர கையைப் பிடிச்சாள்.

"இஞ்சேருங்கோ, இது சாடையில்லை. மனுசன் இண்டைக்குத்தான் நேராச் சொல்லுது. கோட்டைப் போடுங்கோ."

சனிக்கிழமை யாவாரத்தை விட்டிட்டுக் கடையைப் பூட்டினம். மனுசி மேல்மாடிக்கு ஏறினாள். என்னை எங்கை இருத்துறதெண்டு சாடையர் தகடு தகடாப் பாத்துக்கொண்டு போனார். கடைசியா அந்தச் செபத்துக்கு நடுவிலை கதைக்கிறவன்ரை வாங்கடியிலை நிண்டார்.

"இதிலை இருங்கோ. கதைக்கக்கூடாது" எண்டார்.

எங்களைப் பத்துப் பேரிலை சேர்க்கேலாதெண்டு அவருக்கும் தெரியும். தனிய ஒராள் சொல்லக்கூடிய செபத்தை மட்டும் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. மறைப்பானேன், நான் அழுதனான்.

இப்ப சாடையர் கடற்கரைப் பக்கத்திலை மகளோடை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுப்பார். போன கிழமை என்ர வாய் சும்மா இருக்கேல்லை. "ஐயா, நீங்கள் இல்லாமல் கடை சரியான குளிர்" எண்டிட்டன். மனுசன் உடனை போன் வைச்சுப்போட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் மகள் எடுத்தா. "அப்பாவை வாற ஞாயிறு அங்கை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வரட்டோ? காலமையிலை இருந்து, இந்த வீடு சரியான சூடு எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார்" எண்டு கேட்டா.

வரட்டும். கடை ஹீற்றரை நான் இப்பவே நிப்பாட்டிப்போட்டன்.