எலுமிச்சம்பழம் போட்ட தாளம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் பின்பக்கச் சந்தில், கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில், லேப்டாப்புக்கு ஜாதகம் பார்க்கிறார்கள்! இந்தச் செய்தி பரவிய மூன்றே வாரத்தில் சந்துக்குள் ஆட்டோ நுழைய முடியவில்லை. கருவாடு வாங்க வந்தவர்கள் மேலே போய் டோக்கன் வாங்கினார்கள். டோக்கன் வாங்க வந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் கருவாடு வாங்கினார்கள். இரண்டு தரப்பு வியாபாரமும் செழித்தது. அருள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

அருள் பாலித்தவர் தாளேஸ்வர சித்தர். போன வருடம் வரை பாவாடை என்ற சொந்தப் பெயரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். பிறகு இமயமலைக்குப் போய் வந்தாராம். போனதைப் பார்த்தவர் யாருமில்லை. திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், திண்டிவனம் பஸ்ஸில்.

இப்போது தெருவுக்கு நாலு பேர் லேப்டாப்பிலேயே மேளம் போட்டுப் பாட்டுக் கட்டுகிறார்கள். எந்த மென்பொருளை வாங்கினால் தாளம் வேகமாக அமையும் என்பதுதான் அவர்களுடைய தலைவலி. சித்தர் அதற்கு மருந்து வைத்திருந்தார். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மென்பொருள் உண்டாம். பரணிக்காரர் தப்பான மென்பொருளில் தட்டினால் லேப்டாப் சூடாகிவிடுமாம். புதுச்சேரி வெயிலில் எவர் தட்டினாலும் சூடாகும் என்று வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் டோக்கன் போய்விடுமே!

அந்தச் சனிக்கிழமை வரிசையில் கருவடிக்குப்பம் மேனகாவும் நின்றாள். அவளாக வரவில்லை, கணவன் ராஜ்கமல் இழுத்து வந்திருந்தான். அவன் ஹேமலதா அக்காவின் இன்னிசைக் குழுவில் பேட் என்கிற மின்மேளம் வாசிக்கிறவன். அதே குழுவுக்கு லேப்டாப்பில் டிரம்ஸ் அமைத்துக் கொடுப்பவள் மேனகா. வீராம்பட்டினம் தேர்த் திருவிழாக் கச்சேரிக்கு எட்டுப் பாட்டு. ஹேமலதா அக்கா போனில் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "மேனகா, வியாழக்கிழமைக்குள்ள எட்டும் வரணும். வரலன்னா கடலூர்ல ஒருத்தர் ரெடியா கீறாரு, அவருகிட்ட குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் கோவிச்சுக்காதே."

ஒரு தடவை கைமாறிய வேலை திரும்பி வராது என்பது மேனகாவுக்குத் தெரியும். அவளிடம் இருந்தது யாரோ கொடுத்த பழைய மென்பொருள். அதில் ஒரே ஒரு அடியை வைக்க ஐந்து இடத்தில் கிளிக் செய்ய வேண்டும். மனதில் தாளம் வரும். மூன்றாவது கிளிக்கில் மறந்து போகும். புதிதாக ஒன்று வாங்கக் காசு சேர்த்திருந்தாள். ஒன்றுதான் வாங்க முடியும். தப்பாக வாங்கினால் காசும் போச்சு, திருவிழாவும் போச்சு.

டோக்கன் கொடுக்கும் இடத்தில் சரிதா என்ற பெண் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"பேரு? நட்சத்திரம்?"

"மேனகா. சித்திரை."

"எவ்ளோ எடுத்து வெச்சிருக்கீங்க?"

"அது எதுக்கும்மா?" என்றாள் மேனகா.

"கிரக பலம் பாக்கறதுக்குக்கா," என்றாள் சரிதா.

"பதினாலாயிரம்," என்றான் ராஜ்கமல், மனைவி முழங்கையால் இடிப்பதற்குள்.

உள்ளே சித்தர், மான் தோல் படம் அச்சடித்த பாயின்மேல் போட்ட தாழ்வான பலகையில், ஒரு காலை மடக்கி, ஒரு காலைப் பாயின் ஓரத்தில் தொங்கவிட்டு அமர்ந்திருந்தார். எதிரே சிவப்புப் பட்டு போர்த்திய பெட்டி. அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம். மென்பொருளின் பெயரை எழுதிய சீட்டை அவர் தட்டுக்கு அடியில் வைப்பார். ஒத்து வராத பெயர் என்றால் பழம் சும்மா கிடக்கும். ஒத்து வரும் பெயர் என்றால் பழம் துள்ளும். கைபடாமல், காற்றுபடாமல், டிங் டிங் என்று துள்ளும்! பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மேனகாவுக்கு முன்னால் அரிகிருஷ்ணன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயதில் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆசைப்பட்டவர். அவருக்கு 'டிரம்மிகோ' சீட்டில் பழம் ஆடியது. "மெர்சி சாமி, மெர்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, கண் கலங்கிப் பணத்தைக் கட்டினார்.

அடுத்து மேனகா. லயாபேட்: பழம் தூங்கியது. டிரம்மிகோ: குறட்டை. 'பீட்டோனா' என்றதும் துள்ளியது பாருங்கள் ஒரு துள்ளல்!

"திங்கக்கெழமை பணத்தோட வா தாயி. பூஜை பண்ண பென்டிரைவ்ல குடுப்பேன். வெளிக்கடைல வாங்கினா பலிக்காது," என்றார் சித்தர். "பதினாலாயிரம்."

எலுமிச்சம்பழத்துக்கு அடுத்தவர் சேமிப்புகூடத் தெரிந்திருக்கிறது! தெய்வாம்சம்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மேனகாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் விழும் எதையும் போனில் பதிவு செய்துவிடுவாள். ஐஸ் வண்டி மணி, கண்டக்டர் விசில், குக்கர் ஆவி எல்லாம் ஒரு நாள் தாளத்துக்கு உதவும். அன்றைக்கும் அப்படித்தான். தட்டில் பழம் விழுந்த ஓசை நன்றாக இருந்தது. அரிகிருஷ்ணனுக்கு ஆடியதையும் தனக்கு ஆடியதையும் பதிவு செய்துகொண்டாள். சந்தேகப்பட்டு அல்ல, சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை அவற்றை லேப்டாப்பில் போட்டாள். திரையில் தாளக் கோடுகள் வரிசையாக நிற்கும். மனிதர் கை தட்டினால் ஒவ்வொரு அடியும் கோட்டுக்கு மயிரிழை முன்னே பின்னே விழும். லேப்டாப் மேளம் இயந்திரம் மாதிரி கேட்கக்கூடாது என்று, அடிகளை வேண்டுமென்றே கொஞ்சம் நகர்த்தி வைப்பதுதான் மேனகாவின் பிழைப்பே.

இந்த எலுமிச்சம்பழமோ ஒரு அடிகூடப் பிசகாமல் கோட்டின்மேல் விழுந்திருந்தது!

"ஏங்க, இங்க வாங்களேன்."

ராஜ்கமல் பார்த்தான். "அதான் சொல்றேன். தெய்வம்னா துல்லியமாதானே இருக்கும்?"

"துல்லியமா இருந்துட்டுப் போட்டும். மூணாவது சுத்துல ஒரு அடி விட்டுட்டுத் துள்ளுது பாருங்க. இது எனக்கு ஆடுனது. இது அரிகிருஷ்ணன் அய்யாவுக்கு ஆடுனது." ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஓடவிட்டாள். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டன. "அவருக்கு வேற நட்சத்திரம், எனக்கு வேற நட்சத்திரம். விட்ட அடி மட்டும் எப்பிடிங்க ஒண்ணா இருக்கும்?"

"சாமி குத்தம் ஆயிடும் மேனகா."

"பழம் ஆடலீங்க. யாரோ ஒரே அடியத் திரும்பத் திரும்ப ஓடற மாதிரி லூப் போட்டு ஆட்டறாங்க. நீங்க பேட்ல பட்டனை மிதிச்சு ஓட விடுவீங்களே, அந்த மாதிரி."

ராஜ்கமலின் வலது கால் தரையில் தானாக ஒரு தரம் தட்டியது.

திங்கட்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. மேனகா பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டிய கவர் மூன்றை நீட்டினாள்.

"சாமி, பணம் கொண்டாந்துட்டேன். ஒரு சின்ன ஆசை. இதுல ஒண்ணுலதான் பீட்டோனா கீது. குலுக்கிட்டேன், எதுல கீதுன்னு எனக்கே தெரியாது. பழமே காட்டிக் குடுக்கட்டும்."

சித்தரின் முகம் சுருங்கியது. "தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது தாயி."

அவரைக் கவிழ்த்தவர்கள் பக்தர்களேதான். "வைங்க சாமி! தெய்வத்துக்குக் கவரு ஒரு தடையா?" என்று முழங்கினார் அரிகிருஷ்ணன். "வைங்க! வைங்க!" என்றது கூட்டம். பக்தி முற்றினால் சாமிக்கே ஆபத்து.

வேறு வழியில்லை. முதல் கவர்: பழம் சும்மா கிடந்தது. சித்தர் மேனகாவின் முகத்தைப் பார்த்தார். தெரியாதவள் முகத்தில் என்ன தெரியும்? இரண்டாவது கவர்: பழம் துள்ளியது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அரிகிருஷ்ணன் பயபக்தியோடு கவரைப் பிரித்து உரக்கப் படித்தார்: "நெத்திலி அரை கிலோ. கத்திரிக்காய் கால் கிலோ. சீரகம்."

கீழே கருவாட்டுக் கடையில் பேரம் பேசும் குரல் தெளிவாகக் கேட்டது.

"நெத்திலிலயும் ஏதோ அர்த்தம் இருக்கும்ப்பா," என்றது ஒரு குரல். நம்புகிறவர்களை நெத்திலிகூட அசைக்க முடியாது.

"இருக்கட்டும்," என்றாள் மேனகா. "சாமி, நெசமான சீட்டையே வைங்க. ஆனா ரெண்டு காலையும் மேல தூக்கி மடக்கி உக்காருங்க."

"முட்டி வலி தாயி..."

"இமயமலை ஏறுன முட்டியா சாமி?"

சிரிப்பு எழுந்தது. சித்தர் காலை மடக்கினார். பீட்டோனா சீட்டு தட்டுக்கு அடியில் போனது. பழம் ஆடவில்லை. மந்திரம் சொன்னார், ஆடவில்லை. ஊதினார், ஆடவில்லை. அவ்வளவு ஆழ்ந்த தியானம்!

அப்போது ராஜ்கமல் எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, சித்தரின் கால் தொங்கிய இடத்துக்குப் போய், பாயின் ஓரத்தை வலது காலால் மிதித்தான்.

டிங். டிங். டிங் டிங்.

இன்னொரு தரம் மிதித்தான். நின்றது. இன்னொரு தரம். ஆடியது. பாயைத் தூக்கினான். அடியில் கால் பட்டன். அதிலிருந்து ஓடிய ஒயர் பட்டுத்துணிக்குள் போனது. துணிக்குள்ளே கல்யாண வீட்டு அளவில் ஒரு ஸ்பீக்கர், வாயை மேலே பார்த்துத் திறந்து கிடந்தது. காதுக்குக் கேட்காத அடிக்குரலில் அது உறுமினால் தட்டு அதிரும், பழம் துள்ளும்.

"யோவ் பாவாடை!" என்றான் ராஜ்கமல். தாளேஸ்வரர் அந்த ஒரு விளிப்பில் ரீசார்ஜ் கடைக்குத் திரும்பிவிட்டார். "பத்து வருசமா பேட் வாசிக்கறேன். என் காலுக்குத் தெரிஞ்சது என் மண்டைக்குத் தெரியலியே!"

"என் பணம்?" என்றார் அரிகிருஷ்ணன். இப்போது மெர்சி வரவில்லை. சரிதா நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கும் ரெண்டு மாசச் சம்பளம் பாக்கிங்கய்யா," என்றாள். அவரவர் பணம் அவரவர் கைக்கு வரும்வரை கூட்டம் படியை விட்டு நகரவில்லை.

அன்று மாலை மேனகா, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். மூன்று மென்பொருளுக்கும் இரண்டு வாரம் இலவசமாகப் பழகிப் பார்க்கும் வசதி இருந்தது. மூன்றையும் இறக்கினாள். ராஜ்கமல் போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். ஒரே பம்பை அடி, எட்டுச் சுற்று, மூன்றிலும் அமைக்க வேண்டும். பீட்டோனாவில் இருபத்தொரு நிமிஷம். டிரம்மிகோவில் பதினாறு. லயாபேட் பார்க்கச் சாம்பல் நிறத்தில் அசிங்கமாக இருந்தது; ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு தட்டு, ஒரே கிளிக். ஏழு நிமிஷம். விலையும் பாதிதான்.

"பழம் தூங்குச்சே, அதுதானே இது?" என்றான் ராஜ்கமல்.

"மலிவானதுக்கெல்லாம் பழம் எழுந்திருக்காதுங்க."

வியாழக்கிழமை மதியம் எட்டுப் பாட்டும் ஹேமலதா அக்காவுக்குப் போயின. வீராம்பட்டினத்தில் பம்பை அடி விழுந்தபோது கூட்டம் ஆடியது, பாய்க்கு அடியில் யாரும் மிதிக்காமலே.

பாவாடை இப்போது விழுப்புரம் பக்கத்தில் இருப்பதாகக் கேள்வி. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கோச்சிங் சென்டர் என்று தேங்காயை உருட்டிச் சொல்கிறாராம். டோக்கன் கிடைப்பதே கஷ்டமாம். போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். காசு உங்களுடையது, பிள்ளை உங்களுடையது, தோளுக்கு மேலே இருப்பதும் உங்களுடையதுதான். அதைத் தேங்காய் என்று நினைத்து உருட்டக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.