கிருமிகளுக்குப் பந்தி விசாரித்தவர்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் பந்தி அண்ணாச்சியைப் போல ஓர் அலட்டல் பேர்வழி அகப்படமாட்டார். மிஷன் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் கிருமிகளுக்கு உணவு தயாரிப்பது அவர் உத்தியோகம். நோயாளியின் தொண்டையில் தொட்டெடுத்ததை அந்த உணவில் தடவி வைத்தால் கிருமி வளரும். அதைப் பார்த்து டாக்டர் மருந்து எழுதுவார். சங்கதி இவ்வளவுதான். இதற்கு அவர் செய்த ஆர்ப்பாட்டத்தில் நாலு கல்யாணம் நடத்தியிருக்கலாம்.

"கிருமின்னா எளக்காரமா, ஏட்டி? ஒவ்வொண்ணும் ஒரு சம்பந்தி. வயித்துக் கிருமிக்கு மாட்டுப் பித்தம் கலந்து வைக்கணும். காசநோய்க் கிருமிக்கு முட்டை. அதையும் வாரக்கணக்கா மென்னுக்கிட்டு இருப்பான். தொண்டைக் கிருமி இருக்கானே, ரத்தம் இல்லாட்டா இலையில உக்காரவே மாட்டான்!"

இறைச்சிச் சாற்றில் கடற்பாசியைக் காய்ச்சிக் கண்ணாடித் தட்டில் ஊற்றுவார். ஊற்றி உறையும் வரை நாங்கள் மூச்சு விடக்கூடாது. கரிசல் காற்று தூசியோடு வந்தால் சன்னலைப் பார்த்து வைவார். இதற்கு நடுவே தற்பெருமை வேறு: "என் ஒடம்புல ஒரு ஊசி ஏறினது கிடையாது. கம்பங்கஞ்சி ஒடம்பு!" இதைக் கேட்காத நர்சு அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

நான் அங்கே தற்காலிகம். அப்பா பஞ்சரவை மில்லில் பொதி தூக்குகிறவர்; எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். டாக்டரம்மா எனக்கு ஒரு சோதனை வைத்தார். தொண்டைப்புண் நோயாளி ஒருவரிடம் எடுத்த பஞ்சுக் குச்சியைத் தந்து, கிருமியை வளர்த்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றார். காட்டாவிட்டால் தீப்பெட்டி ஒட்டப் போக வேண்டியதுதான்.

இதற்கு ரத்தத் தட்டு வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கயத்தாற்று ஆடு ஒன்று கட்டிக் கிடந்தது. ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து அதை அணைத்துப் பிடித்தால், இன்னொருவர் ஊசியால் ரத்தம் எடுக்கலாம். பிடிப்பது எப்போதும் அண்ணாச்சிதான். அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி உட்காரவே இல்லை. சோறுகூட நின்றுகொண்டே தின்றார். பெரிய மனிதத் தோரணை என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ ரத்தத் தட்டைத் தயாரித்து என் கையில் தந்தார், அதில் தடவி வைத்தேன்.

மறுநாள் பார்த்தால், துடைத்து வைத்ததுபோல் வெறும் சிவப்புத் தட்டு. ஒரு கிருமி இல்லை.

"அந்தத் தொண்டையில கிருமி இருக்கது நிச்சயம்," என்றார் டாக்டரம்மா. "உனக்குத் தடவத் தெரியல."

நாலு நர்சுகள் பார்த்துக்கொண்டிருக்க, வெறும் தட்டை எடுத்து மூடினேன். அப்போது வாசலில் ஒரு செருமல்.

"டாக்டரம்மா, புள்ள மேல தப்பில்ல. அது ஆட்டு ரத்தமில்ல. எம் ரத்தம்."

"உங்க ரத்தமா? ஏன் அண்ணாச்சி?"

"ஆட்டப் புடிக்கக் குத்தவைக்கணும்லா. முடியல. ஒரு கட்டி."

"எங்க?" என்றாள் ஒரு குறும்புக்கார நர்சு.

அண்ணாச்சி உத்தரத்தைப் பார்த்தார். "உக்காருத எடத்துலதான் தாயி! அதுக்குப் பென்சிலின் ஊசி போட்டிருக்கேன். இங்கன போட்டா மானம் போயிரும்னு எட்டயபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் போட்டுட்டு வந்தேன். வந்த கையோட ரத்தம் எடுத்தேன்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்றது. "ரத்தத்துல இருந்த பென்சிலினே கிருமியக் கொன்னுட்டுது. பந்திக்குக் கூப்பிட்டு விஷம் வச்சுட்டீங்களே அண்ணாச்சி!"

அன்றே நான் குத்தவைத்து ஆட்டைப் பிடித்தேன். அடுத்த நாள் கிருமி வளர்ந்து, தன்னைச் சுற்றி ரத்தத்தைக் கரைத்துத் தெளிந்த வளையங்கள் போட்டிருந்தது. வேலை நிரந்தரமாயிற்று.

மனிதர் திருந்தினாரா? "எம் ரத்தத்துக்கிட்டக் கிருமி அண்டுமா, ஏட்டி?" என்று அதையும் பெருமையாக்கிக்கொண்டார். நர்சுகள் அவரைக் கட்டி அண்ணாச்சி என்றார்கள். நானும் கூடவே சிரித்தேன்.

அப்பா கொண்டு வந்த மில் பஞ்சில் சின்ன மெத்தை தைத்து, ஆளில்லாத நேரம் பார்த்து அவருடைய முக்காலியில் போட்டு வைத்தது யார் என்று மட்டும் அவருக்குக் கடைசி வரை தெரியாது.