காப்பாளருக்குத் தனிப் பானை

பொன்மடு நாட்டில் ஏழைகளே கிடையாது. வீட்டில் பொன்மீன் நீந்தினால்தான் குடிமகன் என்பது சட்டம். அரசர் வேண்டுமா வேண்டாமா என்று ஏழாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வாக்கும் குடிமக்களுக்குத்தான். பொன்மீனோ அரண்மனைக் குளத்தில் மட்டுமே உண்டு. அரசர் மகுடபதி அதைத் தமக்கு வேண்டியவர்களுக்குத்தான் கொடுப்பார். மீனில்லாதவர்கள் கணக்கிலேயே இல்லை. அப்புறம் ஏழைகள் எங்கிருந்து வருவார்கள்?

கீரைக்காரி செவந்திக்கு அந்த வாக்கின் மேல்தான் கண். கீரைக்கட்டுக்கும் வரி போட்ட மகராசனை ஒரே ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அரண்மனைக் குளத்தைத் தூர்வாரி எறிந்த பாசியில் கடுகளவு முட்டைகள் ஒட்டியிருந்ததை அவள்தான் கண்டாள். கீரை ஆய்கிற கண் அல்லவா! மடியில் கட்டி வந்து அண்டாத் தண்ணீரில் போட்டாள். நான்காம் நாள் இமைமுடியளவில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் அண்டாச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கின. அவை நீந்தத் தொடங்கியதும், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துப் பிழிந்து துளித்துளியாக விட்டாள்.

சேதி எட்டியதும் மீன்துறை மந்திரி கனகசபை பரிவாரத்தோடு வந்தார்.

“பெற்றோரில்லாப் பிள்ளைகள்! ஆகவே அரசர் பெருங்கருணை கூர்ந்து ஒரு காப்பாளரை நியமிக்கிறார்” என்று ஆணையைப் படித்துவிட்டு, அரண்மனைக் கணக்கிலேயே இருக்கும் பெருமீன் ஒன்றை அண்டாவில் இறக்கினார்.

மறுநாள் பாதிக் குஞ்சுகளைக் காணோம். காப்பாளரின் வயிறு உப்பியிருந்தது. செவந்தி தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

“காணாதவை தம் சொந்த விருப்பத்தின்பேரில் வெளிநாடு சென்றன” என்று மந்திரி அறிவித்தார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். செவந்தி ஆணையை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ‘காப்பாளர் அதே வீட்டில் வசிக்க வேண்டும்’ என்றுதான் இருந்தது. அதே அண்டாவில் என்றில்லை. “பெரியவருக்குத் தனி மாளிகை” என்று கும்பிட்டு, பெருமீனைப் பானைக்கு மாற்றினாள்.

ஒரு மாதம் கழித்து மந்திரி பூதக்கண்ணாடியோடு வந்தார்.

“பொன் எங்கே? அத்தனையும் கறுப்பு!”

செவந்திக்குப் பகீரென்றது. அரண்மனையிலும் யாரும் குஞ்சைப் பார்த்ததில்லை. குளத்துக் காப்பாளர்கள் மிச்சம் வைத்தால்தானே பார்ப்பதற்கு!

“அந்நிய மீன்! கணக்கிலில்லாத மீன் கணக்கிலில்லாதவர்களுக்கே. தெருத்தெருவாகக் கொடுத்துத் தொலை!” என்று மந்திரி ஆணை எழுதி முத்திரை குத்தினார். தமக்குத் தாமே சூனியம் வைத்துக்கொள்வதற்கும் ஒரு திறமை வேண்டும்.

செவந்தி வீடுவீடாகக் கொடுத்தாள். “கறுப்போ செவப்போ, என் அண்டாவுல பொறந்ததுங்க. பசிக்க விட்றாதீங்க.”

மூன்றாம் மாதம் ஒருநாள் காலை பக்கத்து வீட்டு மருதாயி கத்தினாள்: “ஏ செவந்தியக்கா! ஓடியாயேன்! வயிறு மின்னுது!”

வயிறு மின்னிற்று, மறுவாரம் முதுகும் மின்னிற்று. தெருவெல்லாம் குலவைச் சத்தம். செவந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வாக்கு நாளன்று முந்நூறு வீட்டார் இடுப்பில் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

“சதி! இவை கறுப்பு மீன்கள்!” என்று மந்திரி அலறினார்.

“கொடுக்கச் சொன்ன முத்திரை உங்களுது. பொன்மீன் இருந்தா வாக்குன்னு சட்டமும் உங்களுதுதான் சாமி. தள்ளுங்க, வழிய விடுங்க” என்றாள் செவந்தி. முதல் வாக்கு அவளுடையது.

மாலைக்குள் மகுடபதி மண்ணைக் கவ்வினார். புதிய சபை கூடி, பழைய அரசரை என்ன செய்வதென்று செவந்தியைக் கேட்டது. அவள் இடுப்பிலிருந்த பானையை நடுச்சபையில் இறக்கினாள். உள்ளே காப்பாளர் கொழுத்து மிதந்துகொண்டிருந்தார்.

“இவருக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்க. வேளாவேளைக்குத் தீனி, கும்பிடு, தனிப் பானை. குஞ்சுங்க பக்கம் மட்டும் விட்றாதீங்க.”