குடைக்கு வரி, கம்பிக்கு விலக்கு

மனிதர்களில் ஒரு வகை உண்டு. தாங்கள் விற்கும் பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தால் நாடு அழிந்துவிடும் என்பார்கள். தாங்கள் வாங்கும் பொருள் வெளிநாட்டிலிருந்து வராவிட்டாலும் நாடு அழிந்துவிடும் என்பார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அரைக்கதவு ஆசாமி. நாட்டின் வாசல் கதவில் தன் கடைக்கு நேரே இருக்கும் பாதி சாத்தியிருக்க வேண்டும், மறு பாதி ஆவென்று திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் இவருடைய பொருளாதாரம்.

இவரைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். எங்கள் எதிர்வீட்டுக் குடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெளிநாட்டு பிளேடால் முகம் மழித்து, வெளிநாட்டுச் சட்டையை மாட்டி, வெளிநாட்டுச் செருப்பில் காலை நுழைத்து, வெளிநாட்டு நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டு, வெளிநாட்டுக் குடையோடு தெருவில் போகிறவர்களையெல்லாம் தேசத்துரோகி மாதிரி முறைப்பார். அவர் செய்யும் குடைக்குள்ளே இருக்கும் கம்பி எங்கிருந்து வருகிறது? அதை மட்டும் கேட்கக் கூடாது. அது கப்பலில் வருகிறது.

ஒருநாள் வாய் சும்மா இராமல் செருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"குடைன்னா நாட்டுப்பற்று. செருப்புன்னா கால்வலி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றார்.

இதில் வேடிக்கை, அவர் மனைவியின் ஒரே தம்பி அடுத்த தெருவில் செருப்புதான் செய்கிறார். அவருக்குச் செருப்பு நாட்டுப்பற்று, குடை வெறும் மழை விஷயம். மாமாவும் மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மாமா வாசலில் கழற்றிவிட்ட செருப்பை மச்சான் பார்ப்பதில்லை, மச்சான் மூலையில் சாத்திவைத்த வெளிநாட்டுக் குடையை மாமா பார்ப்பதில்லை. குடும்பம் நடப்பது இப்படித்தான்.

இந்தச் செருப்புக்காரர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். பிரசாரத்துக்கு மாமாவே பொறுப்பு. வேட்பாளருக்கு இளகிய மனசு, யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. நாற்காலி செய்கிறவர் வீட்டில் வெளிநாட்டு நாற்காலிக்கு வரி என்றார். அடுத்த வீட்டுக்காரர் நாற்காலி வாங்கப் போகிறவர், அவரிடம் நாற்காலிக்கு வரியே கிடையாது என்றார். சோப்புக்கு, சீப்புக்கு, கதவுத் தாழ்ப்பாளுக்கு என்று வாரி வழங்கிக்கொண்டே போய், பல் டாக்டரிடம் வெளிநாட்டுப் பொய்ப்பல்லுக்கு இரட்டை வரி என்றார். டாக்டர் கண்கலங்கிவிட்டார்.

ஒன்றை மட்டும் மாமா தடுத்துவிட்டார். "செருப்பை விட்டுடு மச்சான். சொந்தத் தொழிலுக்கே வரி கேட்டா ஜனங்க தப்பாப் பேசுவாங்க," என்று தன் வெளிநாட்டுச் செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டே சொன்னார்.

உண்மையாகப் பாடுபட்டது வேட்பாளரின் அக்காதான், அதாவது குடைக்காரர் மனைவி. எதிர்த்து நின்ற வக்கீலம்மாவுக்கு நல்ல பெயர் இருந்தது. அதற்காகவே அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார், குரல் கட்டிப்போகும்வரை பேசினார், தம்பி ஜெயிக்க வேண்டுமே என்று தூக்கம் கெட்டுக் கிடந்தார். வாக்களிக்கப் போகும்போது வாசலில் நின்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார்.

"என் தம்பியக் கவுத்தது யாருன்னு தெரிஞ்சுதுன்னா, அவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

தம்பி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

ஆறுதல் சொல்ல நானும் போயிருந்தேன். அக்கா அழுதுகொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. "ஒரு ஓட்டு. எவனோ ஒருத்தன் மனசு வச்சிருந்தா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குடைக்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அந்த வக்கீலம்மா குடைக் கம்பிக்கு வரிய எடுத்துடறேன்னு சொல்லுச்சு. நான் ஒருத்தன் மாத்திப் போட்டா என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு மெதுவாக எழுந்தார். தம்பி குறுக்கே வந்து நின்றார்.

"அக்கா, மாமாவ ஒண்ணும் சொல்லாத."

"ஏன்டா சொல்லக் கூடாது?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தம்மா வெளிநாட்டுச் செருப்புக்கு வரி போடறேன்னுச்சு. நானும் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்."

அடுத்த நிமிடம் இருவரும் தெருவில் நின்றார்கள். கதவு சாத்தப்பட்டது, பாதியல்ல, முழுசாக. வெளியே நல்ல மழை. மாமா தன் கையால் செய்த குடையை எடுத்து அழுத்தினார். அது பாதி விரிந்து யோசித்தது. அந்தப் பாதிக்குள் இரண்டு தலைகளையும் நுழைத்துக்கொண்டு அவர்கள் பேசியது, உள்ளே மாட்டிக்கொண்ட எனக்கு ஜன்னல் வழியே கேட்டது.

"ஜனங்களுக்கு நாட்டைப் பத்திக் கவலையே இல்ல மச்சான்."

"எல்லாம் சுயநலம், மாமா."

நீங்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த வகை இல்லை, நாட்டு நலனைத் தவிர வேறெதையும் நினைத்து ஓட்டுப் போட்டதில்லை. எனக்குத் தெரியாதா? அடுத்த தேர்தலுக்கு ஒருவர் இப்போதே வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் கேலிக் கட்டுரைகளுக்குக் கடும் வரி போடப் போகிறாராம். பார்த்தால் மிக நல்ல மனிதராகத் தெரிகிறார். நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று சொன்னால், உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன்.