ஹாங்காங் நடிகரும் வேலாயுத மாமாவின் பாவும்

இருபத்திரண்டு வயதில் நான் பெரும் பொய்யனாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சொந்தமாகப் பொய் சொல்லும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடந்திருக்கவில்லை. ஆகவே ஹாங்காங்கில் வாழ்ந்து மறைந்த ஒரு சண்டை நடிகரைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் அவர் படம் தொங்காத முடிதிருத்தும் கடையே கிடையாது. (நாற்காலியில் உட்காருகிறவன் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டி, ‘அது மாதிரி’ என்பான். எழுந்திருக்கும்போது வேறு எது மாதிரியோ இருப்பான்.)

அவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. படங்கள் மட்டும் எங்கள் ஊருக்கு ஆற அமர வந்துகொண்டிருந்தன. மதுரையிலும் ராஜபாளையத்திலும் ஓடித் தேய்ந்து, கோடு கோடாக மழை பெய்யும் பிரதிதான் கடைசியில் எங்களுக்கு. ஒவ்வொன்றையும் ஐந்தாறு தடவை பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து லாரி ஷெட்டில் வியாக்கியானம் செய்வேன். அங்கேதான் எனக்கு வேலை. புளியங்குடியிலிருந்து வரும் எலுமிச்சை மூட்டைகளில், போகவேண்டிய ஊரின் பெயரை எழுதி அட்டை கட்ட வேண்டும்.

என் வியாக்கியானங்களில் சிலவற்றைச் சொல்கிறேன். அவருடைய கைகால்களைத் துப்பாக்கி மாதிரி போலீஸ் ஸ்டேஷனில் பதிந்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். அவர் அடிக்கிற வேகத்தைக் கேமராவால் பிடிக்க முடியாமல், ‘கொஞ்சம் மெதுவாக அடியுங்கள்’ என்று டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். ஓர் அங்குல தூரத்திலிருந்து குத்தினால் எருமை மாடு எட்டு அடி தள்ளிப் போய் விழும். எருமை என் சொந்தச் சரக்கு. ஹாங்காங்கில் எருமை உண்டா என்று லாரி ஷெட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்தவனைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே இருந்தால் அதில் கொஞ்சம் நம்மேலும் ஒட்டிக்கொள்கிறது. ‘பரமசிவன் தபாலில் கராத்தே படிக்கிறான்’ என்று ஊரில் பேச்சு கிளம்பியது. (பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து எழுதிப்போட்டது உண்மை. முதல் பாடம் வந்தது. ‘நேராக நிற்கவும்’ என்று போட்டிருந்தது. இரண்டாம் பாடம் இன்றுவரை வரவில்லை.) அடுத்து, ‘செங்கல்லைக் கையால் உடைப்பான்’ என்றார்கள். உடைத்ததும் உண்மைதான். மழையில் ஊறி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த கல் அது. விரிசலைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்குக் காரணம் கோமதி. எங்களுக்கு அடுத்த தெரு, எங்கள் ஆட்கள்தான். அவள் அப்பா வேலாயுதம் நெசவாளி. என் அம்மா போய்ப் பெண் கேட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. ‘யோசிச்சுச் சொல்லுதோம்’ என்று சொல்லி அனுப்பியவர்கள் அப்புறம் வாயே திறக்கவில்லை. எனக்கோ கோமதியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. மூட்டையில் தென்காசி என்று எழுத வேண்டிய இடத்தில் கோமதி என்று எழுதிக் கட்டிவிட்டேன். அந்த மூட்டை எங்கோ போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. என் வீரத்தின் முழு விவரமும் மாமா காதுக்குப் போய்ச் சேரவில்லை, அதனால்தான் தயங்குகிறார் என்று நான் முடிவு கட்டினேன். (இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் பி.யூ.சி. பரீட்சையை இரண்டு தடவை எழுதினேன்.)

என் புளுகுக்கு முதல் அடி, தியேட்டர் ஆபரேட்டர் முத்தையா அண்ணாச்சியிடமிருந்து விழுந்தது. கோமதி தெருக்காரர். ஒருநாள் மதியம் டீக்கடையில் நான் எருமையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

“ஏலே, அந்த எருமைய நீ பாத்தியா?”

“கேள்விப்பட்டேன் அண்ணாச்சி.”

“நான் கேள்விப்படல. கையில புடிச்சுப் பாத்திருக்கேன். இங்கன வா.”

சட்டைப்பையிலிருந்து ஒரு சாண் நீளப் பிலிம் துண்டை எடுத்தார். ரீல் அறுந்தபோது வெட்டிப் போட்ட துண்டு. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். என் தலைவர் காலைத் தூக்கியிருந்தார். எதிரே ஒரு தடியன். அடுத்தடுத்த கட்டங்களில் கால் நெருங்கிக்கொண்டே வந்தது. தடியனின் முகத்துக்கு இன்னும் ஒரு சாண் இருக்கும்போதே அவன் கண்ணை மூடிக்கொண்டு சாய ஆரம்பித்துவிட்டான்.

“பாத்தியா? அடி விழுகதுக்கு முந்தியே விழுந்துட்டான். மரியாத தெரிஞ்ச பய.”

“அப்ப அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுதீகளா?” என்று கேட்டேன்.

“அப்படிச் சொல்லுவேனா? அவன் ஒடம்பு நெசம். வேகம் நெசம். வருசக்கணக்கா ஒடம்ப வருத்திப் படிச்ச வித்தல்லா அது. ஆனா ஒருத்தன் தலைக்கு மேல பறந்து போயி ஒதைக்கான் பாரு, அது மட்டும் கத்திரியும் பசையும். குதிக்கது ஒரு துண்டு, விழுகது ஒரு துண்டு. ரெண்டையும் ஒட்டித்தான் ஓட்டுதோம். நடுவுல பறந்ததெல்லாம் ஒம் மனசுலதாம்லே.”

இன்றைக்கு யோசித்தால், அந்த நடிகரைப் பற்றி நான் கேட்டதிலேயே நியாயமான தீர்ப்பு அதுதான். அன்றைக்கு எனக்குக் குலதெய்வத்தை வைததுபோல் இருந்தது. பறக்க முடியும், நானே பறந்து காட்டுகிறேன் என்று டீக்கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். “சரி, நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு வந்து பற” என்று அண்ணாச்சி மிச்ச டீயைக் குடித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இருந்ததிலேயே அகலமான பெல்பாட்டம் பேண்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அது தரையைக் கூட்டிக்கொண்டே வரும்.

தெருவில் வேலாயுத மாமா பாவு விரித்திருந்தார். நெசவுத் தெருவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேலை அகலத்துக்குப் பரப்பி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டுவார்கள். இடுப்பு உயரத்தில், மூங்கில் கவைகளின் மேல் அது கிடக்கும். அதற்குக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் பிரஷால் நீவிக் காய வைக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவு வெளியே வந்தால் தெருவே வந்து கை கொடுக்கும். பாவைக் கடக்கிறவர் யாராக இருந்தாலும் குனிந்து அடியில்தான் போக வேண்டும். வரி வசூலிக்க வந்த முனிசிபாலிட்டிக்காரர்கூட அந்தத் தெருவில் குனிந்துதான் போனார். தாண்டுவது என்ற பேச்சே கிடையாது. நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தே செய்தேன் என்பதுதான் இதில் விசேஷம்.

பாவின் அந்தப் பக்கம் கோமதி கஞ்சி நீவிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான். அண்ணாச்சி தன் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த பல்பொடியைத் துப்பிவிட்டு, “என்னலே, பறக்கலையா?” என்றார். ஏதாவது வெட்டவெளியில் குதித்துக் காட்டுவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் கோமதியைப் பார்த்தேன். அவளும் தலை நிமிர்ந்து பார்த்தாள். என் புத்தி அந்த நொடியே ஊரைவிட்டுப் போய்விட்டது.

பத்தடி பின்னால் போனேன். என் தலைவர் மாதிரியே மூக்கை ஒரு விரலால் தேய்த்துக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டேன். (அண்ணாச்சி வீட்டுக் கோழி அதற்கப்புறம் மூன்று நாள் முட்டையிடவில்லை என்று சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.) ஓடி வந்தேன். குதித்தேன். முதல் துண்டு சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் துண்டை ஒட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை.

பெல்பாட்டத்தின் வலது கால் மூங்கில் கவையில் மாட்டியது. இடது கால் பாவுக்குள் இறங்கியது. மற்றதெல்லாம் கோமதியின் காலடியில் போய் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் ‘சரசர’வென்று ஒரு சத்தம். உடம்பெல்லாம் நூல், நூலெல்லாம் கஞ்சி. பொட்டலம் கட்டியதுபோல் கிடந்தேன்.

“ஏ ஐயா, பாவு போச்சே!” என்று கோமதியின் அம்மா அலறினாள். தெருவே ஓடி வந்தது. வேலாயுத மாமா மட்டும் நிதானமாக நடந்து வந்தார். குனிந்து, அறுந்த இழைகளைக் கையில் அள்ளிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கல்யாணம் போயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடித்துத் தொலைத்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

“அறுத்தவன்தான் முடியணும்” என்றார் மெதுவாக.

முடிந்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் இழை. மாமா வீட்டு முன்கூடத்தில் பாவைப் பரப்பிவைத்து, ஒவ்வொரு இழைக்கும் அதன் ஜோடியைத் தேடிப் பிடித்து, நூல் வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முடிச்சுப் போட வேண்டும். முதல் நாள் நூறு முடிச்சுக்குள் கண் பூத்துவிட்டது. நான் போட்டதில் பாதியைக் கோமதி வந்து அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது கோபமா சிரிப்பா என்று அறிய நான் ஆசைப்பட்டு நிமிரும்போதெல்லாம் ஜோடி தவறிவிடும்.

மூன்றாம் நாள் மாமா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும். ஒனக்கு அடிக்கத் தெரியுமா?”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கோமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். மிச்சமிருந்த ஒரே சொத்து என் வீரம்தான். அதையும் விட்டால் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று நாள் அந்த மனிதரின் நூலைத் தொட்டுவிட்டு அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியாது மாமா. இதுவரைக்கும் ஒருத்தரையும் அடிச்சதில்ல. சின்ன வயசுல என் தம்பிதான் என்னைய அடிப்பான்.”

“தபால்ல படிக்கேன்னாவளே?”

“நிக்கதுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தாவ.”

“செங்கல்லு?”

“அது முன்னமே விரிசல் விட்டிருந்துச்சு மாமா.”

மாமா பெரிய மூச்சாக விட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏட்டி, இவங்க அம்மைக்குச் சொல்லி அனுப்பு. வெள்ளிக்கிழமை வெத்தல பாக்கு மாத்திக்கிடலாம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். “எங்க அக்காவக் கட்டிக் குடுத்த எடத்துல, அந்த ஆளு கைய ஒடிச்சு அனுப்பிவிட்டான். திரும்பிப் போக மாட்டேன்னு இங்கனயே கெடந்து செத்துப்போனா. கை நீட்டுத பயலுக்கு எம்பிள்ளையக் குடுக்கக் கூடாதுன்னு அப்பமே முடிவு பண்ணிட்டேன். நீ நல்ல பய, வேலைக்குப் போற, குடிக்க மாட்ட. எல்லாம் சரிதான். ஆனா ஊரு பூராவும் நீ பெரிய அடிதடிக்காரன்னுல்லா சொல்லுது. நாலு மாசமா அதுல வந்துதான் நிக்கோம்.”

நான்கு மாதமாக எந்தச் சரக்கை மூட்டை கட்டி அவர் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேனோ, அதுதான் என் கல்யாணத்தை மறித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. அந்த அக்காவை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த முடிச்சைப் போட்டேன். அதைக் கோமதி அவிழ்க்கவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். இப்போது பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கராத்தே வகுப்பு. முறையாக நிற்கிறாள், முறையாகக் குத்துகிறாள், எருமை பற்றியெல்லாம் பேசுவதில்லை. போன மாதம் வெள்ளை உடுப்போடு வந்து, “தாத்தா, நீங்க யாரையாவது அடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமதி பதில் சொல்லிவிட்டாள். இந்த வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை அவளுக்குத்தான்.

“ஒங்க தாத்தாவா? ஒரே குதியில ரெண்டாயிரம் பேரச் சாச்சவருல்லா.”

பேத்தியின் கண் விரிந்தது. “யாரு ஆச்சி அவங்கல்லாம்?”

“எல்லாம் எங்க அப்பா வீட்டு நூலு.”

மருமகன் சோற்றுத் தட்டோடு புரையேறச் சிரித்தான். மகள் அவன் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். பேத்திக்கு மட்டும் என்மேல் இரக்கம் வந்துவிட்டது. “பாவம் தாத்தா, ஒழுங்காக் குதிக்கத் தெரியல” என்றாள்.

கோமதி அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அன்னைக்கு மட்டும் ஒழுங்காக் குதிச்சிருந்தாருன்னா, எங்க அப்பா என்னைய இவருக்குக் குடுத்தே இருக்க மாட்டாரு தாயி.”